மணையும் 2,000 நோட்டீஸும்

2009 ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மாட்டுங்காவில் வீடு வீடாகப் பேப்பர் போடுகிறவரிடம் நோட்டீஸ் கட்டைக் கொடுத்துவிட்டு, போனைக் கையிலேயே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அடித்தது 2,000. பேப்பருக்குள் போனது 1,200. பளபளப்பான தாள், கடற்கரை, சக்கராசனத்தில் வில்லாக வளைந்து நிற்கும் ஒரு வெளிநாட்டுப் பெண். படம் பிரஸ்காரரின் உபயம். கீழே ‘உடல், மனம், ஆன்மா’ என்று நான் யோசித்து எழுதிய மூன்று சொற்கள். சாயங்காலம் வரை இரண்டு போன் வந்தன. ஒருவருக்கு யோகா மேட் மொத்த விலைக்கு வேண்டுமாம். இன்னொருவர், வகுப்பு நடக்கிற அறை எத்தனை சதுர அடி, வாடகைக்கு விடுவார்களா என்று கேட்டார்.

நான் தாராவியில் பிறந்தவள். தாத்தா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தோல் பதனிடும் வேலைக்கு வந்து, தாராவி மண்ணிலேயே தங்கிவிட்டவர். சாந்தாகுரூஸ் யோகா இன்ஸ்டிட்யூட்டில் பயிற்சி முடித்த கையோடு, மாட்டுங்காவில் ஒரு பழைய கட்டடத்தின் தரைத்தளத்து அறையைக் காலை இரண்டு மணி நேரத்துக்கு மட்டும் வாடகைக்குப் பிடித்திருந்தேன். தாராவியில் காசு கொடுத்து யார் யோகா கற்பார்கள் என்ற நினைப்பு எனக்கே இருந்தது. அந்த நினைப்புக்கு நான் கட்டிய அபராதம் பின்னால் வருகிறது.

அறையின் சொந்தக்காரர் பாலக்காட்டு மாமி, வயது 68. நோட்டீஸைக் கண்ணருகே பிடித்துப் பார்த்தார்.

“இவளை மாதிரி நான் வளைஞ்சேன்னா, அப்பறம் நேரே சயன் ஆஸ்பத்திரிதான்” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “எனக்கு இதெல்லாம் வேண்டாம்டிம்மா. பஜனைல எல்லாரோடயும் தரைல உக்காரணும். உக்காந்தா எழுந்துக்கணும். அதுக்கு உன் யோகால வழி இருக்கோ?”

ஆஸ்திக சமாஜம், பஜனை சமாஜம், சங்கர மடம் என்று மாட்டுங்காவில் உட்காருவதற்கு இடம் ஏராளம். முழங்கால்தான் இல்லை. அந்த வாரம் ஒரு பஜனைக்குப் போய்ப் பின்னால் நின்று பார்த்தேன். முன்னால் ஜமுக்காளத்தில் இருந்தவர்கள் இருபது பேருக்குள். சுவரோரம் பிளாஸ்டிக் நாற்காலியில் அதைவிட அதிகம். நாற்காலி மாமிகள் தாளம் போட்டார்கள், பாடவும் செய்தார்கள். ஆனால் ஆரத்தித் தட்டு கீழே உட்கார்ந்தவர்கள் வழியாகவே சுற்றிவந்தது. நாற்காலிக்குப் போனவர்கள் வட்டத்தை விட்டு ஓரடி வெளியே போய்விட்டார்கள். அது எவ்வளவு பெரிய வருத்தம் என்பது அவர்கள் முகத்தில் தெரிந்தது.

அடுத்த விளம்பரத்தை என் கையெழுத்தில் எழுதி ஜெராக்ஸ் எடுத்தேன். ஒரு தாளை நாலாகக் கிழித்தால் நாலு துண்டு. ‘தரையில் உட்கார்ந்து, யார் கையையும் பிடிக்காமல் எழுந்திருக்க. 30 நாள். வீட்டிலிருந்து மணை கொண்டுவரவும்.’ அவ்வளவுதான். யோகா என்ற சொல்லே அதில் இல்லை. கோயிலை ஒட்டிப் பூ விற்கிறவரிடம் அறுபது துண்டு கொடுத்தேன். வாழையிலைப் பொட்டலத்துக்குள் ஒவ்வொன்றாக வைத்துக் கட்டிக்கொடுத்தார். காசு வாங்கிக்கொள்ளவில்லை. அவர் சம்சாரத்தைச் சேர்த்துக்கொள்ளச் சொன்னார். பதினொரு பேர் வந்தார்கள்.

மணை கொண்டுவரச் சொன்னதற்குக் காரணம் பணம் இல்லாததுதான். பி.கே.எஸ். அய்யங்கார் வழி யோகாவில் மரக்கட்டை, பெல்ட், நாற்காலி எல்லாம் வேண்டும். அவற்றுக்கு நான் எங்கே போவேன்? மாட்டுங்காவில் எந்த வீட்டிலும் பரண்மேல் இரண்டு மணையாவது இருக்கும். சீமந்தத்துக்கும் சிராத்தத்துக்கும் மட்டும் இறங்கும். ஒரு மணை இரண்டு அங்குல உயரம். சுவரோரம் ஐந்தை அடுக்கி, மேலே ஒரு பெட்ஷீட்டை மடித்துப்போட்டு உட்காரச் சொல்வேன். சம்மணம் போட்டதும் முழங்கால் இடுப்பைவிட மேலே நின்றால், அடுக்கு போதவில்லை என்று அர்த்தம். இன்னொரு மணை வை. முழங்காலுக்கடியில் இடைவெளி இருந்தால் துண்டைச் சுருட்டிக் கொடு, தொங்கவிடாதே. எழுந்திருக்கும்போது முன்னால் தாவக் கூடாது. பக்கவாட்டில் திரும்பு, இரண்டு கையையும் ஊன்று, மண்டிபோடு, ஒரு பாதத்தை முன்னால் வை, அந்தத் தொடையில் கையை அழுத்தி எழு. வாரத்துக்கு ஒரு மணை எடுத்துவிடுவேன். ‘இன்னிக்கு எத்தனை?’ என்பதே அங்கே குசலம் விசாரிக்கிற வார்த்தையாகிவிட்டது.

நான் கணக்குப் போடாத ஒன்றும் நடந்தது. காலை ஏழு மணிக்குத் தெலங் ரோட்டில் பதினொரு மாமிகள் கையிடுக்கில் மணையோடு போனால் ஊர் சும்மா இருக்குமா? “யார் ஆத்துல விசேஷம்?” என்று பால் வாங்க வந்தவர்கள் கேட்டார்கள். வாட்ச்மேன் கேட்டார். காபிப்பொடி அரைக்கிறவர் கேட்டார். பதில் சொல்ல மாமிகள் ரோட்டிலேயே நின்றார்கள். ஒருவர் மணையைக் கீழே வைத்து விளக்கியதாகவும் கேள்வி. அந்த ஒரு மாதத்தில் எனக்கு நடந்த விளம்பரத்தை எந்தப் பிரஸ்ஸிலும் அடித்திருக்க முடியாது. பிறகு ரப்பர் மேட் வாங்கக் கொஞ்சம் வசதி வந்தபோதும் மணையை நான் விடவில்லை. மேட்டைச் சுருட்டிக்கொண்டு போகிறவளை மும்பையில் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

இரண்டாவது மாதம் எனக்குக் கெட்டிக்காரத்தனம் முற்றியது. ‘ஒருவரைக் கூட்டிவந்தால் 100 ரூபாய் தள்ளுபடி’ என்று அறிவித்தேன். அதுவரை தானாக ஆள் சேர்த்த மாமிகள் சட்டென்று வாயை மூடிக்கொண்டார்கள். ஒருவர் கேட்டேவிட்டார்: “நான் என்ன கமிஷன் ஏஜென்டாடி?” சிநேகிதியை நல்ல எண்ணத்தோடு அழைத்தவள், நூறு ரூபாய்க்கு அழைத்தவளாகிவிடுகிறாள். மறுநாளே எடுத்துவிட்டேன்.

அதற்குப் பதில் வந்ததுதான் அரங்கேற்றம். மகளுக்கும் பேத்திக்கும் சண்முகானந்தா ஹால் வரை போய் அரங்கேற்றம் பார்த்த ஊர் இது. முப்பதாம் நாள் ஒவ்வொருவரும் வீட்டிலிருந்து ஒருவரைக் கூட்டிவர வேண்டும். ஜமுக்காளம் விரித்து, மணையில்லாமல் உட்கார்ந்து, ஒரு பாட்டு முடிகிறவரை இருந்து, கையைப் பிடிக்காமல் எழுந்திருக்க வேண்டும். பிறகு சுண்டல். முதல் அரங்கேற்றத்தில் அறைக்காரர் மாமி எழுந்து நின்றபோது, அவர் வீட்டுக்காரர் கை தானாக நீண்டுவிட்டது. “எடுங்கோ கையை” என்றார் மாமி. பார்க்க வந்த மருமகள்களிலும் கணவர்களிலும் பாதிப்பேர் வெளியே போவதற்குள் அடுத்த மாதத்துக்குப் பேர் கொடுத்தார்கள். நவராத்திரிக்கு நாற்பது நாள் முன்னால் தொடங்கும் வகுப்புக்கு இன்றுவரை இடம் கிடைப்பது கஷ்டம். கொலு வீட்டில் தரையில் உட்கார முடியாதவளுக்கு வெற்றிலைபாக்கு நாற்காலிக்குத்தான் வரும்.

யோகத்துக்குப் போய் விளம்பரமா என்று முகம் சுளிக்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு நான் கிருஷ்ணமாச்சாரியார் கதையைச் சொல்வேன். பின்னாளில் சென்னைக்கு வந்து நூறு வயது தாண்டி வாழ்ந்த அவர், 1930-களில் மைசூர் மகாராஜா ஆதரவில் யோகசாலை நடத்தியவர். கூட்டம் கூட்ட அவர் செய்து காட்டியவற்றைப் பட்டியல் போட்டால் சர்க்கஸ் நோட்டீஸ் மாதிரி இருக்கும்: நாடித் துடிப்பை நிறுத்திக் காட்டுவது, ஓடும் காரைக் கையால் நிறுத்துவது, கனமான பொருளைப் பல்லால் தூக்குவது. அவர் மைத்துனர்தான் அய்யங்கார். 1937-இல் புனேக்கு வந்த அவரும் மேடையேறி ஆசனம் காட்டியே பேர் வாங்கினார். அதே சமயம், அவர் வாழ்க்கையைத் திருப்பியது ஒரு மேடையும் இல்லை. 1952-இல் பம்பாய்க்கு வந்திருந்த வயலின் மேதை யெஹூதி மெனுஹின், ஐந்து நிமிஷம் தருவதாகச் சொன்னார். களைத்துக் கிடந்த மனிதரைப் படுக்கவைத்து, கண்ணையும் காதையும் விரலால் மூடினார் அய்யங்கார். மெனுஹின் தூங்கிப்போனார். ஒரு மணி நேரம் கழித்து விழித்தவர் விடவேயில்லை. 1954-இல் சுவிட்சர்லாந்துக்கு அழைத்துப் போனார். மற்றதெல்லாம் உலகம் அறிந்தது. கார் நிறுத்தினால் கூட்டம் வரும். தூங்கவைத்தால் மாணவன் வருவான். என் வகுப்பு எதை நம்பி நடக்கிறது என்பதைத் தாராவியில் தெரிந்துகொண்டேன்.

2011-இல் தொண்ணூறடி ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில், எங்கள் சொந்தக்காரர் வீட்டு மாடியறையில் தொடங்கினேன். மாட்டுங்கா புத்தி, காலை ஆறு மணிக்கு வைத்தேன். ஒரு ஈ காக்கை வரவில்லை. நாலாம் நாள் எதிர்வீட்டு அக்கா பாவம் பார்த்துச் சொன்னார்: “டீச்சர், காலைல ஆறு மணிக்கு நாங்க என்ன செய்யோம்னு நெனச்சீய? ஆறாவது ஈடு எறக்கிட்டு இருப்போம்.”

மும்பைத் தெருக்களில் காலையில் விற்கும் இட்லியில் நிறைய தாராவிச் சந்துகளில் வேகிறது. ராத்திரி மாவு அரைபடும். விடியுமுன் அடுப்பு எரியும். வெளிச்சம் வரும்போது ஆண்கள் அலுமினியப் பாத்திரத்தைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு கிளம்புவார்கள். எனக்கு இதெல்லாம் தெரியாதா? அந்த வாசனையில் வளர்ந்தவள்தான். படிப்பும் சர்டிபிகேட்டும் வந்ததும் மறந்துபோயிற்று.

இட்லிக்கார அண்ணன் ஒருவரிடம்தான் வியாபாரத்தைக் கற்றேன் என்றால் மிகையில்லை. ரப்பர் பந்து வைத்த அந்த பாம்பாம் ஹாரனைத் தவிர அவருக்கு விளம்பரம் கிடையாது. “மழையோ பந்த்தோ, ஏழு இருவதுக்கு அந்த பில்டிங் வாசல்ல ஹாரன் அடிச்சிருவேன். ஒரு நாள் பிந்துனா பிரட் வாங்கிருவாவ. மறுநாளும் பிரட்டே வாங்குவாவ” என்றார். அன்றிலிருந்து வகுப்பை நானாக ரத்து செய்ததில்லை. யாரும் வராத நாளில் கதவைத் திறந்துவைத்து நானே தனியாகச் செய்வேன். பிள்ளைகள் வாசலில் நின்று வேடிக்கை பார்க்கும். பிள்ளையைத் தேடி அம்மா வருவாள்.

நேரத்தை முடிவு செய்யச் சந்து சந்தாகப் போய் ஒரே கேள்வி கேட்டேன்: “ஒங்க பக்கம் தண்ணி எப்ப வருது?” குழாயில் தண்ணீர் வருகிற நேரத்தில் சாட்சாத் பதஞ்சலி முனிவரே வகுப்பு வைத்தாலும் தாராவிப் பெண் வர மாட்டாள். மத்தியானம் மூன்று மணி என்று தேறியது. பிறகு உடை. மேலே சொன்ன கடற்கரைப் பெண் போட்டிருந்ததைப் பார்த்தே பலர் ஒதுங்கியிருக்கிறார்கள் என்று அப்போதுதான் உறைத்தது. ‘நைட்டியிலேயே வரலாம், தோளில் துண்டு போட்டு வரலாம். ஆம்பளை யாரும் வர மாட்டார்கள்’ என்று கதவில் எழுதி ஒட்டினேன். கட்டணம் நாளுக்கு 10 ரூபாய்; வாசலில் ஒரு பழைய போர்ன்விட்டா டப்பா. யார் போட்டார்கள், யார் போடவில்லை என்று நான் பார்ப்பதில்லை. மாதக் கடைசியில் எண்ணினால் நாலைந்து பத்து ரூபாய் அதிகமாகவே இருக்கும். விட்டுப்போன நாளுக்கும் சேர்த்துப் போட்டிருப்பார்கள்.

முதல் நாள் ஆசனமே சொல்லித் தரவில்லை. மாவுக் குண்டான் தூக்கித் தூக்கிக் கல்லாகிப்போன தோள்கள். மல்லாக்கப் படுக்கவைத்து, தோள்பட்டைக்கு நடுவே சுருட்டிய துண்டு ஒன்று, முழங்காலுக்கடியில் தலையணை ஒன்று. மூச்சை எண்ணச் சொன்னேன். பத்து நிமிஷத்தில் ஏழு பேரில் ஐந்து பேர் குறட்டை. எழுப்பவில்லை, மின்விசிறியை ஒரு கட்டை குறைத்துவிட்டுக் காத்திருந்தேன். “எங்கல்யாணத்துக்குப் பொறவு இப்பத்தான் பகல்ல தூங்குதேன்” என்றார் ஒருவர், ஏதோ திருடிவிட்ட மாதிரிச் சிரித்துக்கொண்டு. மறுநாள் பதினாறு பேர்.

இனி என் தப்பு. வகுப்பு நன்றாகப் போனதும் ஒரு பேனர் கட்டினேன்: ‘சர்க்கரை, பிரஷர், தைராய்டு குணமாகும்.’ எல்லாரும் அப்படித்தான் போடுகிறார்கள் என்பது என் சமாதானம். இரண்டு மாதம் வந்துகொண்டிருந்த ஒரு பெண்மணி, நான் எழுதியதை நம்பி, என்னிடம் சொல்லாமலே பிரஷர் மாத்திரையை நிறுத்திவிட்டார். ஒரு மத்தியானம் குனிந்து நிமிர்ந்தவர் சுவரைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். தெய்வாதீனமாக ஒன்றும் ஆகவில்லை. பக்கத்து டிஸ்பென்சரி டாக்டர் பிரஷரைப் பார்த்துவிட்டு என்னையும் பார்த்தார். சர்க்கரை, ரத்த அழுத்தம் போன்ற நோய்களைத் தீர்ப்பதாக மருந்துக்கு விளம்பரம் செய்யவே 1954-ஆம் வருஷச் சட்டப்படி தடை உண்டு என்று அவர்தான் சொன்னார். “மருந்துக்காரனே சொல்லக் கூடாததை நீ துணியில எழுதித் தொங்கவிட்டிருக்கே.” அன்று ராத்திரியே பேனரை அவிழ்த்தேன். துணி நல்ல துணி. வகுப்பில் தரை துடைக்க ஒரு வருஷம் உழைத்தது.

அடுத்த வாரம் அதே டாக்டரிடம் ஒரு நோட்டுப்புத்தகத்தோடு போனேன். என் மாணவிகளில் அவரிடம் மருத்துவம் பார்க்கிறவர்கள் சம்மதம் சொல்லிவிட்டு வந்திருந்தார்கள். ஒவ்வொருவரும் என்ன செய்யக் கூடாது என்று கேட்டேன். இவருக்குத் தலை கீழே போகக் கூடாது, இவருக்கு மூச்சை அடக்கக் கூடாது, இவர் மண்டிபோடவே கூடாது என்று சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன். முடிந்ததும் டாக்டர், “இத்தனை வருஷத்துல என்ன செய்யக் கூடாதுன்னு கேட்டு வந்த முதல் யோகா டீச்சர் நீதான்” என்றார். அந்த மாதமே முதுகுவலிக்காரர் ஒருவரை அனுப்பினார். இன்று என் வகுப்புக்கு வருகிறவர்களில் மூன்றில் ஒருவர் ஏதாவது ஒரு டாக்டர் சொல்லி வந்தவர். அந்த டாக்டர்களுக்கு நான் கமிஷன் கொடுப்பதில்லை. நூறு ரூபாய்ப் பாடம் போதும்.

செம்பூர் வகுப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. அங்கே ஆண்கள். ரிட்டயரானவர்கள், ஆபீஸ் பழக்கத்தில் எதையும் எண்ணில் கேட்பவர்கள். சேடா நகர் முருகன் கோயில் படிகள்தான் அவர்களுக்கு நான் வைத்த பரீட்சை. கந்த சஷ்டிக்கு இரண்டு மாதம் முன்னால் எத்தனை இடத்தில் நின்று மூச்சு வாங்கினார்கள் என்று எழுதிவைப்பது, சஷ்டியன்று மறுபடி எண்ணுவது. ‘ஒன்பதிலிருந்து மூன்று’ என்று ஒருவர் தன் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டார். மற்ற வேலையை அந்தக் குரூப் பார்த்துக்கொண்டது. ஒரு முறை மட்டும் இணைய விளம்பரத்துக்கு ஒரு பையனிடம் 6,000 ரூபாய் கொடுத்து ஏமாந்தேன். ஆயிரக்கணக்கில் லைக் வந்தது. எல்லாம் வேறு மாநிலங்களிலிருந்து. சேடா நகருக்கு யோகா கற்க ராஜஸ்தானிலிருந்து யார் வருவார்கள்?

2015-இலிருந்து யோகா தினமான ஜூன் 21 வந்தால் போதும், பேங்க், சொசைட்டி, கட்சி ஆபீஸ் என்று எல்லாரும் இலவசமாகக் கூப்பிடுவார்கள். பேனரில் தலைவர் முகம் ஆளுயரம். ஆசிரியர் பெயர் இருக்காது. இரண்டு வருஷம் போனேன். வருஷத்தில் ஒரே ஒரு நாள் வளைகிறவர்கள் மறுநாள் எப்படி இருப்பார்கள் என்று யோசித்ததில் ஒரு வகுப்பு கிடைத்தது: ‘ஜூன் 22. நேற்று யோகா செய்து இன்று உடம்பு வலிக்கிறவர்களுக்கு.’ லிஃப்ட் கதவிலும் சொசைட்டி நோட்டீஸ் போர்டிலும் ஒட்டச் சொன்னேன். படித்தவர்கள் சிரித்தார்கள், போட்டோ எடுத்து அனுப்பினார்கள், கழுத்தைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். வருஷத்தில் எனக்கு அதிகம் பேர் சேருவது அந்த ஒரு வாரத்தில்தான்.

2020 மார்ச்சில் கொரோனாவால் எல்லாம் மூடியபோது தாராவி வகுப்பு நின்றுபோனது. பத்துக்குப் பத்து அறையில் ஆறு பேர் அடைந்து கிடக்கும்போது காலை எங்கே நீட்டுவது? தினம் மூன்று மணிக்கு, ஹாரன் மாதிரி, இரண்டு நிமிஷ வாய்ஸ் மெசேஜ் மட்டும் அனுப்பினேன்: நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு தோளைத் திற, நின்றபடி பத்து மூச்சு. மாட்டுங்காவும் செம்பூரும் வீடியோவுக்கு வந்தன. அப்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். கட்டணம் வருவது நியூ ஜெர்சியிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும். அம்மாவுக்கு மகள்கள் கட்டுகிறார்கள். வகுப்பு அம்மாவுக்கு, அதற்கு ரசீது கேட்பது மகளின் கவலை. ஒவ்வொரு சனிக்கிழமையும் மகளுக்கு ஒரு வரி அனுப்பத் தொடங்கினேன். ‘அம்மா இந்த வாரம் இரண்டு மணை.’ அந்த மகள்கள் தங்கள் சிநேகிதிகளின் அம்மாக்களைச் சேர்த்துவிட்டார்கள். அவர்களில் சிலருக்கு மணை என்றால் என்னவென்று நான் படம் போட்டு அனுப்ப வேண்டியிருந்தது.

இப்போது தாராவியை இடித்துக் கட்டும் திட்டத்துக்காகக் கதவுகளில் சர்வே எண் எழுதியிருக்கிறார்கள். எந்தச் சந்து எங்கே போகும், மூன்று மணிக்காரர்கள் எந்த மாடியில் ஏறுவார்கள் என்று தெரியாது. “லிஃப்ட் இருக்குமே டீச்சர், பின்ன முட்டு என்னத்துக்கு?” என்று கேட்டார் முதல் நாள் குறட்டை விட்டவர்களில் ஒருவர்.

மழையில் நனையாமல் மிஞ்சிய அந்த 800 நோட்டீஸின் பின்பக்கம் வெள்ளையாக இருந்தது. பதினாறு வருஷமாக வருகைப் பதிவு அதில்தான் எழுதுகிறேன். சக்கராசனப் பெண் மறுபக்கம் வளைந்தபடியே இருக்கிறாள். இந்தப் பக்கம் பெயரும், அதற்கு நேரே மணைக் கணக்கும். அறைக்காரர் மாமிக்கு இப்போது 84. நேற்று அவர் பெயருக்கு நேரே ஒன்று என்று போட்டேன். இன்னும் முந்நூறு தாள் இருக்கிறது.